வேகத்திற்கு முன் அச்சு

பழைய கார் ஒன்றை வாங்க முற்படும்போது நாம் முதலில் அதன் வண்ணப்பூச்சைப் பார்க்கிறோம். பிறகு முன்மூடியைத் திறந்து இயந்திரத்தின் ஓசையைக் கேட்கிறோம். இருக்கைகளையும் குளிர்சாதனத்தையும் சோதிக்கிறோம். வண்டியின் பின்புறம் சென்று, குனிந்து, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பவர் மிகச் சிலரே. ஏற்கெனவே கார் வைத்திருந்து அதன் வேகத்தைக் கூட்ட விரும்புவோரிடமும் இதே பழக்கத்தைக் காண்கிறோம். அவர்களது பணம் முதலில் இயந்திரத்திற்கே செல்கிறது. கூடிய வேகத்தைத் தாங்கவேண்டிய பின்னச்சு கடைசி இடத்திற்குத் தள்ளப்படுகிறது.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உவமையாக்கினார். மாட்டு வண்டிக்குப் பொருந்திய அந்த உண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்துகிறது. மும்பைக்கு வடகிழக்கே, கல்யாண் பகுதியில் ஒரு காலத்தில் உற்பத்தியான ஒரு கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கல்யாணில் உருவான கார்

வால்சந்த் ஹிராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், மும்பை குர்லாவில் இயங்கிய தன் ஆலையால் புகழ் பெற்றது. ஃபியட் 1100 என்னும் இத்தாலிய வடிவமைப்பு அங்கு உருவாகி, 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றாலே நினைவுக்கு வருவது அந்தக் கார்தான். 2023ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் அது மும்பையின் டாக்சிச் சேவையிலிருந்து முற்றாக விடைபெற்றது.

பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் வெளிநாட்டுக் கார் நிறுவனங்கள் இந்தியாவிற்குள் வந்தபோது, பிரீமியர் நிறுவனம் பிரான்சின் பியூஜோவுடன் கூட்டுச் சேர்ந்தது. அவ்வாறு அமைந்த பிஏஎல் பியூஜோ நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் கல்யாண் ஆலையில் பியூஜோ 309 காரை உற்பத்தி செய்தது. 1360 சிசி பெட்ரோல் இயந்திரத்துடனும் 1527 சிசி டீசல் இயந்திரத்துடனும் அது விற்பனைக்கு வந்தது. அந்த டீசல் இயந்திரமே பின்னர் மாருதியின் ஜென், எஸ்டீம் கார்களின் டீசல் வகைகளிலும் இடம்பெற்றது.

309 இந்தியாவுக்கென வடிவமைக்கப்பட்ட கார் அன்று. இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரை அடுத்த ரைட்டன் ஆலையில் 1985இல் அதன் உற்பத்தி தொடங்கியது. 1983இல் வெளிவந்த சிறிய பியூஜோ 205 காரின் பல உறுப்புகளை அது பகிர்ந்துகொண்டது. பின்னச்சின் அமைப்பும் அவற்றுள் ஒன்று. ஐரோப்பாவில் 1.9 லிட்டர், 130 குதிரைத்திறன் கொண்ட 309 ஜிடிஐ என்ற விரைவு வகையும் விற்கப்பட்டது. வளைவுகளில் சாலையைப் பற்றிக்கொண்டு ஓடும் இயல்பிற்காக ஆர்வலர்கள் இன்றும் அதைப் போற்றுகின்றனர். கல்யாணில் உருவானவை ஜிடிஐ அல்ல. எனினும் பின்னச்சின் அடிப்படை ஒன்றே.

1990களின் இறுதிக்குள் அந்தக் கூட்டு முயற்சி முடிவுக்கு வந்து உற்பத்தி நின்றது. வாங்கியவர்களிடம் கார் இருந்தது. உதிரி பாகம் தரும் நிறுவனம் அருகில் இல்லை. இந்நிலையில் ஒரு காரின் எந்த உறுப்பு முதலில் தளரும் என்பதை அறிந்து வைத்திருப்பது உரிமையாளருக்கு இரட்டிப்பாக முக்கியமாகிறது.

இருவகைப் பின்னச்சு

பின்னச்சை வலுப்படுத்துவது பற்றிப் பேசுமுன், நமது காரின் பின்னச்சு என்ன வேலை செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

பத்மினி, அம்பாசடர் போன்ற கார்களில் இயந்திரத்தின் விசை பின்சக்கரங்களுக்குச் செல்கிறது. பின்னச்சு வண்டியின் எடையைத் தாங்குவதோடு, நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் வழியாக விசையை இரு ஹாஃப் ஷாஃப்ட்டுகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. விளக்கத்திற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். இயந்திரத்தின் முறுக்கு விசை 70 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை 4 மடங்காக்குகிறது. கிரவுன் வீலும் பினியனும் மேலும் 4 மடங்காக்குகின்றன. அச்சை அடையும் விசை 1,120 நியூட்டன் மீட்டர். அதே காரில் 120 நியூட்டன் மீட்டர் தரும் இயந்திரத்தைப் பொருத்தினால், அச்சுக்கு வரும் விசை 1,920 ஆகிறது. அச்சோ பழையதே. ஹாஃப் ஷாஃப்ட்டின் பல்வரிசை முறுக்கிக்கொள்வதும், பினியனின் பல் உடைவதும் இத்தகைய நிலையில்தான். இவ்வகை அச்சுகள் பலவற்றில் சக்கரத்தைப் பிடித்து வைப்பதும் ஹாஃப் ஷாஃப்ட்டே. அது வெளிமுனையில் முறிந்தால் சக்கரமே கழன்றுபோகக்கூடும்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஃபியட், அம்பாசடர் கார்களும் திறன் கூட்டப்பட்டு ஓடின. இத்தகைய கார்களைப் பந்தயத்திற்கு ஆயத்தப்படுத்துவோர் இயந்திரத்தோடு பின்னச்சையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பியூஜோ 309 வேறு வகை. அதில் இயந்திரத்தின் விசை முன்சக்கரங்களுக்குச் செல்கிறது. பின்னச்சு எதையும் சுழற்றுவதில்லை. எடையைத் தாங்குவதும், மேடுபள்ளங்களில் சக்கரத்தை ஏறியிறங்க விடுவதும், வளைவுகளில் சக்கரத்தை நேராக நிறுத்துவதுமே அதன் கடமை. விசை செல்லாத அச்சு எவ்வாறு பலவீனமடையும் என்று கேட்கத் தோன்றும். விடை அதன் அமைப்பில் உள்ளது.

தேய்மானம் எவ்வாறு தொடங்குகிறது

காரின் அடியில் குறுக்கே ஓர் எஃகுக் குழாய் செல்கிறது. அதன் இரு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கும் கை ஒன்று பின்னோக்கி நீள்கிறது. இதனை டிரெய்லிங் ஆர்ம் என்பர். ஒவ்வொரு கையிலும் இறுக்கமாகப் பொருத்தப்பட்ட தண்டு ஒன்று குழாயினுள் நுழைந்து, அங்குள்ள நீடில் பேரிங்குகளில் சுழல்கிறது. சுருள் வில்லுக்குப் பதிலாகக் குறுக்கே கிடக்கும் முறுக்குத் தண்டுகள் வில்லின் வேலையைச் செய்கின்றன. சக்கரம் மேலே ஏறும்போது தண்டு முறுகி, மீண்டும் நிமிர்கிறது. ஷாக் அப்சார்பர்களும் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பதால், பின்புறம் பெட்டிகள் வைக்கத் தடையற்ற இடம் கிடைக்கிறது. பல ஆண்டுகள் பலவகைக் கார்களில் பியூஜோவும் சிட்ரோயனும் கையாண்ட அறிவார்ந்த அமைப்பு இது.

இதன் பலவீனம் நீடில் பேரிங்கில் உள்ளது. சக்கரத்தின் பேரிங் முழுச் சுற்றுச் சுழல்கிறது. ஆகவே சுமை எல்லாப் பக்கமும் பகிரப்படுகிறது, கிரீசும் பரவுகிறது. கையின் பேரிங்கோ சில பாகைகள் மட்டுமே முன்னும் பின்னும் அசைகிறது. ஆண்டுக்கணக்கில் அதே சில ஊசிகள், தண்டின் அதே இடத்தை அழுத்துகின்றன. முனையிலுள்ள ரப்பர் சீல் வயதாகி வெடிக்கும்போது நீர் உள்ளே புகுகிறது, கிரீஸ் கரைகிறது, ஊசிகள் துருப்பிடித்து, தண்டில் பள்ளம் தோண்டத் தொடங்குகின்றன. தண்டு தளர்ந்தவுடன் கை சாய்கிறது. சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சரிகிறது.

ஐரோப்பாவில் பனிக்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு இத்துருவை விரைவுபடுத்துகிறது. கொங்கண் கரையில் அந்த வேலையைப் பருவமழை செய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாலைப் பள்ளங்களில் தேங்கும் நீரில் அச்சு நாள்தோறும் மூழ்கி எழுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய வெள்ளத்தில் ஒருமுறை நின்ற காரின் பேரிங்கிற்குள் என்ன சென்றிருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

நாமே அறியக்கூடிய அறிகுறிகள்

இந்தத் தேய்மானத்தை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் முதலில் தேவையில்லை. சமதளத்தில் காரை நிறுத்தி, பின்னால் சில அடிகள் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பின்சக்கரங்கள் மேலே குறுகி, கீழே அகன்று நின்றால் ஐயம் கொள்ளலாம். சக்கரத்தின் அருகே நூலில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டு, சக்கர விளிம்பின் மேல்முனைக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியையும், கீழ்முனைக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியையும் அளக்க வேண்டும். 13 அங்குலச் சக்கரத்தில் 1 பாகைச் சாய்வு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வேறுபாட்டைக் காட்டும். சிறிதளவு உட்சாய்வு இயல்பானதே. ஒரு பக்கம் மறுபக்கத்தை விட மிகுதியாகச் சாய்ந்திருப்பதும், முன்பு இல்லாத சாய்வு புதிதாகத் தோன்றுவதும் எச்சரிக்கைகளாகும்.

டயரின் உட்பக்கம் மட்டும் தேய்வது அடுத்த அறிகுறி. வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகவே தெரியும்; உட்பக்கத்தில் விரல் வைத்துத் தடவினால்தான் தேய்மானம் புலப்படும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்புறம் கிறீச்சிடுவதும், பின்னிருக்கையில் மூவர் அமர்ந்தால் டயர் உட்புறத் தகட்டில் உரசுவதும், பின்பகுதி விறைத்துப்போய் ஏறியிறங்க மறுப்பதும் நோய் முற்றியதைக் காட்டுகின்றன.

மெக்கானிக்கிடம் சென்றால், காரை உயர்த்திச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். சக்கரம் மட்டும் ஆடினால் குறை சக்கரப் பேரிங்கில் உள்ளது. கையும் சேர்ந்து ஆடினால் அச்சின் பேரிங்கில் உள்ளது. ஜாக்கை மட்டும் நம்பி எவரும் காரின் அடியில் செல்லலாகாது. உறுதியான தாங்கிகள் இருபுறமும் இருக்க வேண்டும்.

சீரமைப்பா, மாற்றமா?

அச்சு தளர்ந்தது உறுதியானபின் உரிமையாளர் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, உரிய காலத்தில் செய்யும் சீரமைப்பு. சீல் கெட்டு, ஊசிகள் மட்டும் துருவேறத் தொடங்கிய நிலையில் புதிய பேரிங்கும் சீலும் போதுமானவை. அச்சைப் பிரிக்கும் முன் காரின் பின்புற உயரத்தை அளந்து, முறுக்குத் தண்டின் பல்வரிசையும் கையும் பொருந்தும் இடத்தில் அடையாளமிட வேண்டும். இதனைத் தவறவிட்டால் திரும்பப் பொருத்தும்போது காரின் ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் நிற்கும்.

இரண்டாவது, தண்டையும் மாற்றுவது. தண்டில் பள்ளம் விழுந்துவிட்டால் புதிய பேரிங் சில மாதங்களே நிற்கும். உதிரி பாகம் கிடைக்காத நிலையில், பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பி லேத்தில் கடைந்து தரும் வழியும், சாதாரண எஃகில் புதிய தண்டு கடைந்து தரும் வழியும் சிலருக்குச் சொல்லப்படுகின்றன. அளவு துல்லியமாக இருந்தாலும் இவை நிலைப்பதில்லை. நீடில் பேரிங்கின் ஊசிகள் நேரடியாகத் தண்டின் மேற்பரப்பிலேயே உருள்வதால், அந்தப் பரப்பு வெப்பமூட்டிக் கடினப்படுத்தப்பட்டு, பின்னர் மெருகுத் தேய்ப்பும் பெற்றிருக்க வேண்டும். வெல்டிங்கின் வெப்பம் அந்தக் கடினத்தை அழித்துவிடுகிறது. உள்ளூரில் தண்டு செய்விப்பவர்கள் எஃகின் வகை, கடினப்படுத்தும் முறை ஆகிய இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

மூன்றாவது, அச்சு முழுவதையும் மாற்றுவது. தண்டோடு குழாயின் உட்புறமும் தேய்ந்துவிட்டால் வேறு வழியில்லை. குர்லாவின் பழைய உதிரி பாகக் கடைகளில் தேடுவது மும்பைவாசிகளின் இயல்பு. ஆனால் அங்கு கிடைக்கும் அச்சும் இதே மழையில் நனைந்த இன்னொரு காரிலிருந்து வந்ததாகவே இருக்கும். வெளியே வண்ணம் பூசப்பட்டிருந்தாலும், கையைக் கழற்றித் தண்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் தரலாகாது. வெளிநாட்டிலிருந்து முழு அச்சை வரவழைப்பதைவிட, தண்டு, பேரிங், சீல் ஆகியவற்றை மட்டும் வரவழைத்து இங்கே பொருத்துவது சரக்குக் கட்டணத்தைப் பெரிதும் குறைக்கும். பியூஜோ 205, 309 கார்களுக்கு ஐரோப்பாவில் இன்றும் ஆர்வலர்கள் மிகுதி என்பதால் இச்சிறு பாகங்கள் அங்கு கிடைக்கின்றன.

வலுவூட்டலின் கணக்கு

பழுது நீக்கியபின் வலுவூட்டல் பற்றிச் சிந்திக்கலாம். ஆர்வலர்கள் கையாளும் எளிய முறை, குழாயில் கிரீஸ் நிப்பிள் பொருத்துவது. இதனால் அச்சைப் பிரிக்காமலே அவ்வப்போது புதிய கிரீசைச் செலுத்தலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

தடித்த முறுக்குத் தண்டு இரண்டாவது முறை. இங்கே இயற்பியல் ஒரு வியப்பை வைத்திருக்கிறது. தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 18 மில்லிமீட்டர் தண்டிற்குப் பதில் அதே நீளமுள்ள 20 மில்லிமீட்டர் தண்டைப் போட்டால் விட்டம் 11 விழுக்காடே கூடுகிறது. விறைப்போ 52 விழுக்காடு கூடுகிறது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று எண்ணிப் பொருத்துவோர் காரின் குணமே மாறியிருப்பதைக் காண்பர்.

அந்த மாற்றம் எப்போதும் நன்மை அன்று. முன்சக்கரம் இழுக்கும் காரில் பின்புறம் மிக விறைத்தால், வளைவில் பின்சக்கரங்கள் பிடி இழந்து வால் வெளியே வீசும். பியூஜோ 205, 309 ஜிடிஐ கார்கள் வளைவின் நடுவே திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்புறம் திரும்பும் இயல்புக்குப் பெயர் பெற்றவை. பந்தயத் தடத்தில் தேர்ந்த ஓட்டுநருக்கு அது ஒரு கருவி. கல்யாணிலிருந்து முர்பாட் வழியாக மால்சேஜ் மலைவழியில், மழையில், குடும்பத்துடன் செல்பவருக்கு அது பேராபத்து. 205 கார் வைத்திருக்கும் ஐரோப்பிய ஆர்வலர்கள் 309 ஜிடிஐயின் அகன்ற பின்னச்சை எடுத்துத் தம் காரில் பொருத்துவது உண்டு. அவர்களும் முன்புறத்தை அதற்கேற்பச் சரிசெய்த பிறகே சமநிலை பெறுகின்றனர்.

அகன்ற டயர், சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் ஆகியவையும் கவனத்திற்குரியன. சக்கரம் வெளியே நகர நகர நெம்புகோலின் நீளம் கூடி, அதே பேரிங்கின் மேல் சுமை ஏறுகிறது. அழகுக்காகச் செய்த மாற்றம் அச்சின் ஆயுளைக் குறைத்துவிடும்.

சட்டமும் காப்பீடும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52இன்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. தேய்ந்த பேரிங்கிற்குப் பதில் புதியதைப் போடுவது பழுதுபார்ப்பு. வேறு திறனுள்ள இயந்திரத்தைப் பொருத்துவது மாற்றம். இரண்டிற்குமிடையே ஐயம் எழுந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்திற்குப் பின் இழப்பீடு கோரும்போது தடையாகலாம். கடனில் வாங்கிய கார் எனில், கடன் தீரும்வரை அது வங்கிக்கும் ஈடாக இருப்பதால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். தனியார் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. அதற்கான தகுதிச் சோதனைக்குச் செல்லும் முன்பே பின்னச்சைச் சீர்செய்து வைப்பது அலைச்சலைத் தவிர்க்கும்.

செலவின் வரிசை

மிகப் பழைய கார்களை ஈடாகக் கொண்டு வங்கிகள் பொதுவாகக் கடன் வழங்குவதில்லை. ஆகவே இத்தகைய பணிக்குத் தனிநபர் கடனையோ சேமிப்பையோ நாட வேண்டியிருக்கும். விளக்கத்திற்காக, 60,000 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 24 மாதக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறக்குறைய 2,824 ரூபாய். வட்டியாகச் செல்வது 7,800 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே தொகையை மாதம் 2,500 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் இட்டால் 24 மாதங்களில் 60,000 ரூபாயும் அதன் வட்டியும் நம் கையில் இருக்கும். வேகத்தைக் கூட்டுவதற்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்கலாம். ஆனால் சாய்ந்த சக்கரம் காத்திருப்பதில்லை. இன்று சீலும் பேரிங்கும் போதுமான பழுது, அடுத்த பருவமழைக்குப் பின் தண்டையும், அதற்கடுத்த ஆண்டு அச்சு முழுவதையும் கேட்கும்.

எனவே பழைய காரை வேகமாக்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு நாம் பரிந்துரைக்கும் வரிசை இதுவே: முதலில் டயரும் பிரேக்கும், அடுத்துப் பின்னச்சும் ஷாக் அப்சார்பரும், பின்னர் சட்டத்திற்கு உட்பட்ட அளவில் இயந்திரம். புதிதாகப் பழைய கார் வாங்குவோர், விலை பேசும் முன் பின்சக்கரங்களை நூல் கட்டி அளந்துவிட வேண்டும். சாய்வு தெரிந்தால் அச்சுச் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும். கார் வைத்திருப்போர் மே மாத இறுதியில் சீல்களையும், மழை நின்ற அக்டோபரில் சக்கரச் சாய்வையும் தவறாமல் பார்த்துவரலாம். இரண்டு சோதனைகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகாது.